கடைசில 'ஏ' வர்ற ஸ்டேஷனரிக்கும் 'இ' வர்ற ஸ்டேஷனரிக்கும் என்ன வித்தியாசம்?

நீங்க எங்கயோ ஆபீஸ்ல கிளார்க்கா இருக்கணும், சாமான் ஆர்டர் பண்ணி மெயில் போட்டு மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கணும். இல்லன்னா இதப் போயி யாரு கேக்கப் போறா. பதில மொதல்ல சொல்லிடறேன். ஏ ஆர் ஒய்னு முடிஞ்சா அசையாம ஒரே எடத்துல நிக்கிறதுனு அர்த்தம், எங்க மலேசியாவுல ஃபாரம் ஃபைவ் முடிவுல எழுதுற எஸ்பிஎம் பரீட்சையில பிசிக்ஸ் கேள்வில நகராம நிக்குமே ஒரு காரு, அது இந்த ஸ்டேஷனரி. இ ஆர் ஒய்னு முடிஞ்சா பேனா, பென்சில், கடித உறை, மனிலா கார்டுங்கற கெட்டி அட்ட, மாஜோங் பேப்பர்ங்கற பெரிய தாளு. வாயால சொன்னா ரெண்டும் ஒன்னு, தமிழ்ல எழுதினாலும் ஒன்னு, அதான் தொல்ல. அமெரிக்காவுல வேற ஸ்பெல்லிங்னு சண்டைக்கு வராதீங்க, இதுல அமெரிக்காக்காரனும் பிரிட்டிஷ்காரனும் ஒரே மாதிரிதான் எழுதுறான்.

நான் இங்கிலீஷ் வாத்தியார் இல்ல, பள்ளிக்கூடத்துல ஃபாரம் ஃபைவோட சரி. ஆனா சுங்கை சிப்புட்ல புத்தகக் கட வெச்சிருக்கேன், இந்த வார்த்த என் போர்டுலயே இருக்கு. மேல பெருசா மலாய்ல 'அலாட் துலிஸ்', அதாவது எழுதுற சாமான், கீழ சின்ன எழுத்துல இங்கிலீஷ்ல ஸ்டேஷனரி, இ போட்டது. சரியாத்தான் போட்டிருக்கேன். பள்ளிக்கூடம் தொறக்குற வாரம், கட நெறைய தாய்மாருங்க லிஸ்ட்டோட நிக்கிறாங்க, அப்ப ஒரு பெரியவரு வந்தாரு. முன்ன தோட்டத்துல பெரிய கிராணியா, அதாவது தலைமைக் கிளார்க்கா இருந்தவரு, இப்ப தாமான்ல, அதான் குடியிருப்புப் பகுதில, வீடு வாங்கி இருக்காரு. வாசல்லயே நின்னு அண்ணாந்து பாத்துட்டு, "தம்பி, போர்டுல எழுத்துப் பெழ. ஏ வரணும். வெள்ளக்கார தொரைக்கே லெட்டர் எழுதிக் குடுத்தவன் நான்"னு சத்தமா சொல்லிட்டாரு. எல்லாரும் போர்ட பாக்குறாங்க, அப்புறம் என்னப் பாக்குறாங்க. எனக்கு மூஞ்சில ஈயாடல. எங்கப்பா காலத்துல கிராணி சொன்னா மறுபேச்சு கெடையாது, அந்தப் பழக்கம் நமக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க. இருந்தாலும் ரேக்குலேர்ந்து டிக்‌ஷனரி எடுத்து அந்தப் பக்கத்த விரிச்சு, "ஐயா, நீங்களே பாருங்க"னு நீட்டுனேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு வெரல வெச்சு வெச்சு படிச்சாரு. படிச்சுட்டு, "இது பள்ளிப் புள்ளைங்களுக்கு அடிச்ச புக்குப்பா"னு மூடி வெச்சுட்டு ரெண்டு பால்பாயிண்ட் வாங்கிட்டுப் போயிட்டாரு. வயசானவர கேலி பண்றேன்னு நெனைக்காதீங்க, அவரு எழுதிக் குடுத்த மனுவால எத்தனயோ பேருக்குப் பொறப்புப் பத்திரம் கெடச்சிருக்கு, அது வேற.

அவரு மேலயும் முழுசாத் தப்பு சொல்ல முடியாது, ஏன்னா ரெண்டுக்கும் வேர் ஒன்னுதான். லத்தீன்ல நிக்கிற எடத்துக்கு ஸ்டேஷியோன்னு பேரு. அந்தக் காலத்து ஐரோப்பாவுல பொருள் விக்கிறவன் முக்காவாசிப் பேரு ஊர் ஊரா மூட்ட தூக்கித் திரிஞ்சவன். பெரிய பள்ளிக்கூடங்க இருந்த ஊர்ல புத்தகம் வித்தவன் மட்டும் ஒரு எடத்துல கட போட்டு நின்னான், அதனால அவனுக்கு ஸ்டேஷனர்னு பேரு வந்துச்சு. லண்டன்ல 1403லயே அவங்களுக்குன்னு சங்கம் இருந்திருக்கு, 1557ல ராணி சாசனமே குடுத்திருக்காங்க. ஸ்டேஷனர் விக்கிற சாமான் ஸ்டேஷனரி. பேக்கர், பேக்கரி மாதிரி. 'இஆர்' அங்கேர்ந்துதான் வருது, இத மனசுல வெச்சுக்கிட்டா எழுதும்போது கொழம்பாது.

எங்கப்பாவும் மொதல்ல மோட்டார் சைக்கிள்ல பொட்டி கட்டிக்கிட்டு சம்பள நாளாப் பாத்து, தோட்டத் தொழிலாளிங்க இருக்குற வரிச வீடுங்களுக்கு லயம் லயமாப் போயி நோட்டும் பென்சிலும் வித்தவருதான், கடத்தெருவுல இந்தக் கடய வாடகைக்கு எடுத்தது பின்னாடி. ஆக அவரு ஸ்டேஷனர் ஆனதே அன்னிக்குத்தான்னு சொல்லணும்.

அந்தக் கிராணி போகும்போது 'இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு இங்கிலீஷே வரல'ன்னு வேற சொல்லிட்டுப் போனாரு. எப்படி வரும்? 2003ல கணக்கும் அறிவியலும் இங்கிலீஷ்லன்னாங்க, தமிழ்ப்பள்ளிலயும்தான். வாத்தியாருங்க திண்டாடுனாங்க, நாங்க இங்கிலீஷ் பயிற்சி புக்கா வாங்கி அடுக்குனோம். 2009ல இனிமே வேணாம்னு அறிவிச்சாங்க, 2012லேர்ந்து படிப்படியா பழையபடி ஆச்சு. கொள்கய மாத்துறவங்களுக்கு ஒரு கையெழுத்து, கடக்காரனுக்கு ரொக்கமாக் குடுத்து வாங்குன சரக்கு. சப்ளையர் திரும்ப எடுக்க மாட்டேன்னுட்டான். பழைய பேப்பர்காரன்கிட்ட கிலோக் கணக்குல போட்டும் ஸ்டோர்ல இன்னும் ஒரு பொட்டி கெடக்கு. நாலாம் ஆண்டு அறிவியல், இங்கிலீஷ். யாருக்காவது வேணும்னா வந்து எடுத்துக்குங்க, காசு வேணாம்.