டைட் ஓவர்: ஓதமும் கைமாற்றும்

அன்புள்ள ஐயா,

மாதக் கடைசியில் கைமாற்று கேட்டு அலுவலக நண்பர் ஒருவர் ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினார். சம்பளம் வரும்வரை தன்னை ‘டைட் ஓவர்’ செய்ய ஐயாயிரம் ரூபாய் வேண்டும் என்றிருந்தார்; ஆனால் ‘கட்டப்பட்ட’ என்று பொருள்படும் ‘டைட்’டின் (tied) எழுத்துக்கூட்டலில் எழுதியிருந்தார். இது கடல்நீர் ஏறி வற்றும் ஓதத்தைக் (tide) குறிக்கும் சொல், ஓதம் படகை மணல்திட்டின் மேல் தூக்கிக் கடத்திவிடுவதே இதன் மூலம் என்றார் இன்னொருவர். எது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஓதம் என்றவர் சொன்னதே சரி. இரண்டு சொற்களும் ஒரே ஒலியில் வருவதால் ஆங்கிலேயர்களும் இப்படி மாற்றி எழுதிவிடுகிறார்கள். மணல்திட்டு விளக்கத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வட அமெரிக்காவில் 1607இல் உருவான ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தின் தலைவர்களுள் ஒருவரான கேப்டன் ஜான் ஸ்மித், 1627இல் வெளிவந்த ‘எ சீ கிராமர்’ என்ற மாலுமிகளுக்கான நூலில் இத்தொடரை விளக்கியிருக்கிறார். ஏற்றமோ வற்றமோ, போகும் திசைக்கு இசைவான ஓட்டத்தோடு சென்று, எதிர் ஓட்டம் தொடங்கியதும் நங்கூரம் பாய்ச்சி, அடுத்த ஓட்டம் வரும்வரை நிற்பதுதான் அவர் சொல்லும் பொருள். லண்டனிலிருந்து தேம்ஸ் வழியே கடலுக்குப் புறப்பட்ட பாய்மரக் கப்பல் ஒன்றுக்குக் கிழக்கிலிருந்து எதிர்காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஆறு மணி நேரம் வற்றம் அதைக் கடல் நோக்கி இழுத்துச் செல்லும். பிறகு ஏற்றம் தொடங்கி ஆற்று நீரே மேல்நோக்கித் திரும்பும்போது நங்கூரம் பாய்ச்சாவிட்டால், வந்த தொலைவெல்லாம் வீணாகிக் கப்பல் லண்டனை நோக்கியே போய்விடும். மீண்டும் வற்றம் வரும்வரை பொறுத்திருந்துதான் நங்கூரத்தைத் தூக்க வேண்டும். ஆக, இத்தொடரில் நகர்வதற்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு நிற்பதற்கும் உண்டு. மணல்திட்டு விளக்கம் தவறவிடுவது இதைத்தான்.

ஸ்மித்தின் வரையறையில் ஒருவர் இன்னொருவருக்கு உதவுவது இல்லை. கப்பல் தானே சமாளித்துக்கொள்கிறது. நெருக்கடியைச் சமாளித்தல், பிறகு பிறரைச் சமாளிக்க வைத்தல் என்ற பொருள்கள் பின்னால் வந்தவை. ஆனாலும் கால எல்லை விட்டுப்போகவில்லை. ஓதத்துக்குப் பெயராவதற்கு முன்பு ‘டைட்’ என்பதே பழைய ஆங்கிலத்தில் காலத்தைக் குறித்த சொல்தான். ‘கிறிஸ்துமஸ்டைட்’ போன்ற சொற்களில் அப்பொருள் இன்றும் இருக்கிறது. உங்கள் நண்பர் எழுத்தைத் தவறவிட்டாலும், ‘சம்பளம் வரும்வரை’ என்று சொன்னதன் மூலம் தொடரைச் சரியாகவே ஆண்டிருக்கிறார்.

‘பெயில் அவுட்’ என்பதை இதற்குப் பதிலாக எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. படகில் புகுந்த நீரை இறைப்பது, பிணையில் எடுப்பது என்று அதன் மூலத்துக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. எதை ஏற்றாலும், தானாக மீள வழியில்லாதவருக்கே அது பொருந்தும். 2008இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிதி நிறுவனங்களை மீட்க 70,000 கோடி டாலர் வரை அனுமதித்தபோது பத்திரிகைகள் அச்சொல்லை ஆண்டது முறையே. மாதக் கடைசிக் கைமாற்றுக்கு அது மிகை.

அன்புடன்.