ஓடைக்கு விலங்கின் பெயர்

அன்புள்ள ஐயா,

கனடாவின் மலைப்பகுதி வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் நடமாட்டமே இல்லாத இடங்களில்கூட கரடி ஓடை, குதிரை ஆறு என்று பெயர்கள். அந்த விலங்குகள் அங்கே நிறைய இருந்ததால் வந்தவையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில இடங்களில் அப்படி இருக்கலாம். ஆனால் மலை முழுக்கக் கரடி திரிகிறது என்றால் எந்த ஓடையைக் கரடி ஓடை என்பது? அடையாளம் சொல்ல உதவாதே. பெரும்பாலும் அங்கே என்றோ ஒருநாள் ஏதோ நடந்திருக்கும்.

நீங்கள் பார்த்த குதிரை ஆறு 'கிக்கிங் ஹார்ஸ்', அதாவது உதைக்கும் குதிரையாக இருந்தால், அதன் கதை நன்றாகவே பதிவாகியிருக்கிறது. 1858 ஆகஸ்ட். மேற்குக் கனடாவை ஆராயப் போன பாலிசர் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெக்டர் ராக்கி மலைகளில் வழி தேடிப் போகிறார். உணவு தீர்ந்துவரும் நேரம். சுமைக்குதிரை ஒன்று ஆற்றில் விழுந்துவிடுகிறது. எல்லோருமாக அதைக் கரையேற்றப் போராடும்போது ஹெக்டரின் சொந்தக் குதிரை மெல்ல நழுவிப் போகிறது. பிடிக்கப் போனவரின் நெஞ்சில் ஓங்கி ஓர் உதை. நினைவிழந்து விழுந்தார். குழுவில் இருந்த மருத்துவரே அவர்தான்! செத்துவிட்டார் என்று நினைத்துக் குழியே வெட்டிவிட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. பிழைத்துக்கொண்டார். ஆற்றுக்கும் கணவாய்க்கும் குதிரையின் பெயர் நிலைத்தது. 1880களில் கனடிய பசிபிக் ரயில்பாதை அந்தக் கணவாய் வழியே போனதும் பெயர் நாடறிந்ததாகிவிட்டது.

எல்லாப் பெயருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூகானில் முயல் ஓடை ஒன்று இருந்தது. 1896 ஆகஸ்டில் அங்கே தங்கம் கிடைத்தது. சில நாட்களிலேயே அதை 'பொனான்சா', அதாவது பெரும் புதையல், ஆக்கிவிட்டார்கள். முயல் போயே போய்விட்டது.

ஆகவே, ஒரு பெயரின் காரணம் வேண்டுமென்றால் காட்டில் விலங்கைத் தேடுவதைவிட, முதலில் வரைபடம் போட்டவரின் நாட்குறிப்பைத் தேடுங்கள். ஹெக்டரின் கதை அப்படிக் கிடைத்ததுதான். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஹெக்டருக்கு வழிகாட்டி வந்தவர் ஸ்டோனி நகோடா என்ற பூர்வகுடி இனத்தவர். வெளியிலிருந்து வந்தவர்கள் ஆற்றுக்குப் பெயர் வைப்பதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே அந்த மலைகளில் பூர்வகுடிகள் வாழ்ந்துவந்தார்கள். அவர்கள் அந்த நீரை எப்படி அழைத்தார்கள் என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள், அப்புறம் விரிவாகப் பேசுவோம்.