தங்கை எப்போதும் கெட்டதையே நினைக்கிறாள்: இது குணமா, மனச்சோர்வா?

"அவள் குணமே அப்படித்தான்" என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் அவளிடம் "பாசிட்டிவா இரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எனக்கும் அதையே சொல்லிச் சொல்லி எட்டு மாதம் வீணாய்ப் போனது.

நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். சின்ன வயதிலிருந்தே நான் பயந்த சுபாவம். ஸ்கூல் வேன் பத்து நிமிடம் தாமதமானால் மனதுக்குள் ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்துவிடுவேன். 2019இல் அது வேறு மாதிரி ஆனது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். என்றைக்கோ யாரோ சொன்ன சொல்லை எடுத்துவைத்து அசைபோடுவேன். ஒருநாள் தோசை மாவு பொங்கி வழிந்து மேடையெல்லாம் காய்ந்து கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன், துடைக்கக் கை போகவில்லை. அப்போதும் அத்தை "இவ எப்பவும் இப்படித்தான்" என்றார். நல்லவர்தான், தெரியாமல் சொன்னது.

தம்பிதான் இங்கே இருக்கும் மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸுக்குக் கூட்டிப் போனான். சட்டென்று கலங்கும் சுபாவத்துக்கு நியூரோட்டிசிசம் என்று பெயர். அது தூக்கலாக இருப்பவர்களுக்கு மனச்சோர்வும் பதற்ற நோயும் வர வாய்ப்பு அதிகம், ஆனால் வந்தே தீரும் என்றில்லை. சுபாவத்தை நோய் வரைக்கும் இழுத்துப் போவதில் இந்த அசைபோடுதலுக்குப் பெரிய பங்கு உண்டு. தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, வருங்காலத்தைப் பற்றி என மூன்று பக்கமும் எண்ணம் இருண்டுபோவதை அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களிலேயே எழுதிவிட்டார். அவர் வழியில்தான் எனக்கு ஒரு கோடு போட்ட நோட்டு கொடுத்தார்கள். நடந்தது: மேனேஜர் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. தோன்றியது: வேலை போகப்போகிறது. அதற்கு ஆதாரம்? அந்தக் கட்டத்தில் எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மாத்திரைக்கு ஆள் பிடிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நான் டாக்டர் இல்லை. எனக்கு மாத்திரையும் நோட்டும் இரண்டுமே தேவைப்பட்டன, அவ்வளவுதான்.

இன்னொன்று, பயப்படுகிறவள் சொல்வதெல்லாம் கற்பனை என்று தள்ளாதீர்கள். மர்ஃபி டவுன் வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸில் கை வைப்பார் என்று நான் முன்பே சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. காலி செய்யும்போது பெயின்ட் செலவென்று ஒரு மாத வாடகைக்கு மேல் பிடித்துக்கொண்டார். சுவரில் இருந்தது இரண்டே இரண்டு ஆணி ஓட்டை. ரசீதும் தரவில்லை. இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் தங்கைக்கு இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள். முதலில் போனில் பேசிப் பார்க்க அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். நேரில் போகும்போது அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். அன்றைக்கு என் தம்பி வெளியே பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.