மறு: 'யூதிப்ரோ' விடையே சொல்லாமல் முடிகிறதே?

கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ எழுதிய 'யூதிப்ரோ' என்ற உரையாடல் நூலை மூன்று முறை படித்தும், பக்தி என்றால் என்னவென்று அவர் சொல்லவே இல்லை, நேரம் வீண் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் எதையும் தவறவிடவில்லை. அதில் விடை கிடையாது. சாக்ரடீஸ் கேள்வி மேல் கேள்வி கேட்க, கடைசியில் யூதிப்ரோ, அவசர வேலை இருக்கிறதென்று நழுவிவிடுகிறார்!

விடையை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். பெற்ற தகப்பன் மேலேயே கொலை வழக்குப் போட வந்தவர் அவர். நாக்சோஸ் தீவில் ஒரு கூலியாள் குடிபோதையில் அடிமை ஒருவனைக் கொன்றுவிடுகிறான். தகப்பன் அவனைக் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்யலாமென்று கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆள் அனுப்புகிறார். ஆள் திரும்புவதற்குள் பசியிலும் குளிரிலும் அவன் செத்துப்போகிறான். இது கொலையா? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. யூதிப்ரோவுக்கோ துளிச் சந்தேகமும் இல்லை. சாக்ரடீஸ் பிடித்துக்கொள்வது அந்த நிச்சயத்தைத்தான்.

அடுத்த முறை பென்சிலோடு உட்காருங்கள். பக்தி என்றால் என்ன என்பதற்கு யூதிப்ரோ தன் விளக்கத்தை மாற்றும்போதெல்லாம் ஓரத்தில் ஒரு வரி குறியுங்கள். நான் ஐந்து எண்ணினேன். ஐந்தாவது சுற்றிவந்து பழைய இடத்திலேயே நிற்கும். 10a என்று ஓரத்தில் எண் இருக்கும் பத்தியில் மட்டும் நிதானமாக நில்லுங்கள்: தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் விரும்புகிறார்களா? தெய்வங்களுக்குப் பதில் 'மேனேஜர்' என்று போட்டு, உங்கள் ஆபீஸ் விதி ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். நான் செய்தேன். இரண்டு நாள் தூக்கம் போனது.

அடுத்து பிளேட்டோவின் இன்னோர் உரையாடலான 'கிரிட்டோ' படியுங்கள், அதுவும் சின்னதுதான். அவருடைய பெரிய நூலான 'குடியரசு' இப்போதைக்கு வேண்டாம்.