பட்டைக்கு அடியில் ஒரு வெட்டுக்கோடு: பழைய மவுசரை நம்பி வாங்கலாமா?

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் மவுசர் 98கே ரைபிள் ஒன்றுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். குழலைத் தாங்கும் மரக்கட்டையைச் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டையைக் கழற்றினால், அடியில் குறுக்கே ஒரு கோடு. ‘ராணுவப் பட்டறையிலேயே பழுது பார்த்தது’ என்கிறார் விற்பவர். பின்கட்டையில் முத்திரைகளும் மங்கலாக இருக்கின்றன. நம்பலாமா?

பதில்: கோடு நேர் குறுக்காக ஓடுகிறது என்றால் பட்டறைக் கதையை விட்டுவிடுங்கள். மரத்தைக் குறுக்கே அறுத்து முனையோடு முனை ஒட்டினால் பசை உறுதியாகப் பிடிக்காது. இது எந்தத் தச்சருக்கும் தெரியும். ராணுவப் பட்டறையில் ஒடிந்த இடத்தைச் செதுக்கிவிட்டு, நீளச் சரிவாகத் துண்டு பதித்து, தேவைப்பட்டால் மர முளையும் அடிப்பார்கள். அது பெரும்பாலும் வெளியில் தெரியும். ஒளித்துவைக்க அவர்களுக்கு என்ன அவசியம்?

பட்டைக்கு அடியில் ஒளிந்த நேர்வெட்டு என்றால் முதல் சந்தேகம் ‘டஃபிள் வெட்டு’. போர் முடிந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் பலர் ரைபிளை நினைவுப்பொருளாகக் கொண்டுபோனார்கள். சுமார் 111 செ.மீ. நீளம் ‘டஃபிள்’ எனும் ராணுவத் துணிப்பையில் அடங்கவில்லை. அதனால் கட்டையை மட்டும், பட்டை மறைக்கிற இடமாகப் பார்த்து அறுத்தார்கள். இன்னொரு வாய்ப்பு இதைவிட மோசம்: வேட்டைக்காக யாரோ முன்கட்டையை வெட்டி எறிந்திருக்க, பிற்பாடு வேறொரு ரைபிளின் முன்துண்டை ஒட்டி ‘ஒரிஜினல்’ ஆக்கியிருப்பார்கள்.

இரண்டையும் பிரித்தறிய மர ரேகையைப் பாருங்கள். ரைபிளில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, விற்பவர் சம்மதத்தோடு குழலைக் கட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். 98கே கட்டைகளில் பல, மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்தவை. அடுக்குக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். வெட்டின் இரு பக்கமும் அதே கோடுகள் அதே அகலத்தில் தொடர்ந்தால் மரம் ஒன்றே, டஃபிள் வெட்டுதான். கோடுகள் விலகினாலோ எண்ணிக்கை மாறினாலோ முன்துண்டு வேறு. அடுக்கு இல்லாத வால்நட் மரக் கட்டை என்றால் நிறமும் மரத்தின் நுண்துளைகளும் இதையே சொல்லும். இன்னொன்று: ரம்பம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மரத்தைத் தின்றுவிடும். அதை நிரப்பாமல் ஒட்டியிருந்தால் முன்பட்டை தன் இடத்தில் சரியாக உட்காராது. நிரப்பியிருந்தால் அந்த இடம் மெல்லிய கீற்றாகத் தெரியும்.

குழல் பதியும் பள்ளத்திலோ, பின்கட்டையின் முனையை மூடும் இரும்புத் தகடான பட் பிளேட்டுக்கு அடியிலோ எண் இருந்தால் ரைபிளின் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனாலும் அது பின்துண்டுக்குத்தான் சாட்சி, முன்துண்டுக்கு இல்லை.

அடுத்து மங்கிய முத்திரை. கைபட்டுத் தேய்ந்ததா, உப்புத்தாள் போட்டதா? பட் பிளேட்டின் ஓரத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். தொழிற்சாலையில் மரம் இரும்புக்குச் சமமாக, அல்லது இம்மி உயர்ந்தே இருக்கும். இரும்பின் விளிம்பு நகத்தில் தட்டினால் மரத்தை இழைத்திருக்கிறார்கள். கைபடாத மூலைகள்கூட மொழுமொழுவென்று இருந்தாலும் அதே கதைதான். இதற்கு நேர்மாறாக, முத்திரை மட்டும் கூர்மையாக இருந்து, பழைய கீறலின் மேலேயே பதிந்திருந்தால், பிற்பாடு அடித்தது என்று அர்த்தம்.

தடித்த, பளபளக்கும் பூச்சு இருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். சோவியத் ராணுவம் கைப்பற்றிச் செப்பனிட்ட 98கே-க்களில் அரக்குப் பூச்சும், மின் ஊசியால் உதிரிகளில் எழுதிய எண்களும் சகஜம். அது ஜெர்மன் நிலை இல்லை, ஆனால் மோசடியும் இல்லை.

டஃபிள் வெட்டு என்று உறுதியானால், அதைச் சொல்லியே விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். மற்றபடி நான் தயங்காமல் வாங்குவேன். முன்துண்டு வேறு என்றால், கட்டைக்கு மதிப்பே போடாமல் இரும்புப் பாகங்களுக்கு மட்டும் விலை பேசுங்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள், 98கே அப்படியொன்றும் அபூர்வமில்லை. வாங்கினால், அந்தக் கோட்டை மறைக்கிறேன் என்று மெருகு போட மட்டும் கிளம்பாதீர்கள்.