குழித்துறையா, களியக்காவிளையா?

கேள்வி: திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. குமரி மாவட்டத்திலேயே வாடகை வீடு எடுத்து தினமும் போய்வர எந்த ஊர் தோது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அலுவலகம் திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூர் பக்கம் என்றால் குழித்துறைதான், ரயிலை விட்டு இறங்கி நடந்தே போய்விடலாம். கழக்கூட்டம் டெக்னோபார்க் என்றால், உங்கள் ரயில் அங்கே நிற்குமா என்று முதலில் பாருங்கள். நிற்காவிட்டால் நகரைக் கடக்கவே இன்னொரு பயணம். மாதச் சீசன் டிக்கெட் முன்பதிவுப் பெட்டியில் செல்லாது; சூப்பர்பாஸ்ட்டுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. வீடு ஸ்டேஷனுக்கு நடைதூரத்தில் இருக்கட்டும். பக்கத்து ஊரை வைத்து 'மார்த்தாண்டம் பக்கம்' என்று புரோக்கர் சொல்வதை நம்ப வேண்டாம்.

எல்லை ஊரான களியக்காவிளையில் இரு மாநில பஸ்களும் கிடைக்கும். ஆனால் வழியில் பாலராமபுரம் நெரிசலில் நேரம் போய்விடும்.

அட்வான்ஸ் கொடுக்குமுன், ஏப்ரலில் கிணறு வற்றுமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் அல்ல.