லண்டன் மழைக்கு ஏன் இவ்வளவு கெட்ட பெயர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னையிலிருந்து லண்டன் வந்து எட்டு மாதம் ஆகிறது. குடை இல்லாமல் வெளியே போன நாளே இல்லை. சென்னையைவிட இங்கே எத்தனை மடங்கு மழை பெய்யும்?

மடங்கா? பாதிகூட இல்லை. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ.; லண்டனுக்கு 60 செ.மீ. சொச்சம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதே, அவ்வளவு மழை சேர லண்டனுக்கு ஒன்பது பத்து மாதம் பிடிக்கும். ஆனால் நாள்களை எண்ணினால் கணக்கு புரண்டுவிடும். லண்டனில் ஆண்டுக்கு 110 நாள் போல மழை. சென்னையில் ஏறக்குறைய அதில் பாதி. என் தோட்டத்தில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். காலை முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். போய்ப் பார்த்தால் 2 மி.மீ.!

லண்டனை வைத்து பிரிட்டன் முழுவதையும் எடை போடவும் முடியாது. அட்லாண்டிக்கின் ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று வேல்ஸ், லேக் டிஸ்ட்ரிக்ட், மேற்கு ஸ்காட்லாந்து மலைகளில் ஏறும்போதே பெரும்பகுதியை இறக்கிவிடுகிறது. கிழக்கே இருக்கும் லண்டனுக்கு மிச்சம்தான். லேக் டிஸ்ட்ரிக்ட் இருக்கும் கம்ப்ரியா மாவட்டத்தில் சீத்வெயிட் என்ற சிற்றூருக்கு ஆண்டுக்கு 300 செ.மீ.க்கு மேல். வால்பாறை நனையும்போது கோவைக்குச் சாரல் மட்டும் கிடைப்பதில்லையா, அதே கதைதான்.

படுக்கையறை மூலையில் கருப்பாகப் பூஞ்சை பிடிக்கிறது. ஈரக்காற்று உள்ளே வரக்கூடாது என்று மழை நாளில் ஜன்னலைத் திறப்பதே இல்லை. அப்படியும் போகவில்லையே?

திறக்காததால்தான் போகவில்லை. வெளியே 5 டிகிரி, நச நசவென்று மழை, ஈரப்பதம் 100 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 7 கிராம் நீராவிகூட இருக்காது. குளிர்ந்த காற்றால் அதற்குமேல் தாங்க முடியாது. அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதாவது மழை நாள் காற்றே உங்கள் வீட்டை உலர்த்தும். ஈரம் வருவது வெளியிலிருந்து அல்ல. இட்லிக் கொப்பரையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் ரேடியேட்டர் மேல் காயும் துணியிலிருந்தும். ஒரு மெஷின் துணி காய்ந்தால் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் அறைக்குள் ஆவியாகிறது.

காலையும் மாலையும் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி இருந்தால் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். இங்கே வந்த புதிதில் இதெல்லாம் தெரியாமல், பூஞ்சை மேலேயே மூன்று முறை பெயின்ட் அடித்தவன் நான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மழை பெய்த பிறகு சுவரில் பழுப்பாகக் கறை பரவினால் அது ஒழுக்கு. அதற்கு ஜன்னல் உதவாது, வீட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

மதுரையில் 40 டிகிரியில் அலைந்தவன் நான். இங்கே 32 டிகிரிக்கே மூச்சு முட்டுகிறது. வயசாகிவிட்டதா?

வயசு இல்லை, வீடு. இங்கே வீடு கட்டுவதே சூட்டை உள்ளே பிடித்து வைக்கத்தான். சீலிங் ஃபேன் கிடையாது, ஜூனில் வெயில் 16 மணி நேரத்துக்கு மேல் விடாது. வெளியே உள்ளேயைவிடச் சூடாக இருக்கும்வரை திரையும் ஜன்னலும் மூடியே இருக்கட்டும். ராத்திரி எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

உங்கள் 40 டிகிரி இங்கேயும் வந்துவிட்டது. 2019-ல் கேம்பிரிட்ஜில் 38.7 பதிவானபோதே வாயைப் பிளந்தோம். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3. நாடு முழுவதற்குமான ஆண்டு சராசரி 10 டிகிரியை முதன்முறையாகத் தாண்டியதும் அதே ஆண்டில்தான்.

இவ்வளவு மழை நாட்டில், கோடையில் தோட்டத்துக்குக் குழாயில் தண்ணீர் பாய்ச்சத் தடை போடுகிறார்களே, ஏன்?

தென்கிழக்கு இங்கிலாந்தில் குடிநீரில் பெரும்பங்கு சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறிய நிலத்தடி நீர். அது ஊறுவது குளிர்கால மழையில். கோடைத் தூறலைச் செடியும் வெயிலும் குடித்துவிடும். கோடையில் பெருமழையே கொட்டினாலும், காய்ந்து இறுகிய களிமண்ணில் இறங்காமல் சாக்கடைக்கு ஓடும். காற்று ஒரு டிகிரி சூடானால் 7 சதவீதம் கூடுதலாக நீராவி தாங்கும். அதனால் பெய்யும்போது வலுத்துப் பெய்கிறது. குளிர்காலத்தில் வெள்ளம், கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு: இனி இரண்டுக்கும் சேர்த்தே தயாராக வேண்டும்.

வளைகுடா நீரோட்டம் நின்றுபோய் லண்டன் உறைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

வளைகுடா நீரோட்டம் இந்தப் பக்கம் வெப்பத்தைக் கொண்டுவரும் அட்லாண்டிக் நீரோட்டச் சுழற்சியின் ஒரு பகுதி. அந்தச் சுழற்சி இந்த நூற்றாண்டில் பலவீனமாகும் என்பதில் ஐபிசிசிக்கு (ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழு) பெரிதாகச் சந்தேகமில்லை. 2100-க்குள் திடீரென நிற்காது என்று அதன் 2021 அறிக்கை சொன்னது. ஆனால் நடுத்தர நம்பிக்கையோடுதான். 'வராது' என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அடுத்த குளிர்காலத்துக்குப் பனிச்சறுக்கு வண்டி வாங்கவும் வேண்டாம்.

கறிவேப்பிலைத் தொட்டியை எப்போது வெளியே வைக்கலாம்?

இரவிலும் 12 டிகிரிக்குக் கீழே போகாத காலத்தில், பெரும்பாலும் ஜூனில். ஏப்ரல் வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள், மே மாதத்திலும் உறைபனி விழும். ஒரு நல்ல செடியை அப்படித்தான் பறிகொடுத்தேன். செப்டம்பர் கடைசியில் உள்ளே எடுத்து, தண்ணீரைக் குறையுங்கள். குளிர்காலத்தில் இலை முழுக்கக் கொட்டினால் உடனே தூக்கி எறியாதீர்கள். தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது.